இலுப்பையிலிருந்து வந்தவர்கள்

முதலில் மரம் இருந்தது, தெரு பிறகுதான் வந்தது. ஏரி ஏரியாக இருந்த காலத்தில் அதன் கரையில் நின்ற இலுப்பை அது; ஏரி சுருங்கி, சுருங்கிய இடத்தில் கல் நட்டு, கல்லுக்கு நம்பர் போட்டு, நம்பருக்கு வீடு வந்து, வீட்டுக்கு மாடி வந்து, மாடிக்கு இன்னொரு மாடியும் வந்து, தாம்பரம் தாண்டி எந்த பஸ்ஸும் சரியாக நிற்காத அந்த மூலைக்கு அன்னபூரணி நகர் என்று ஒரு பேரும் வந்து சேர்ந்தபோது, வந்தவர்களில் யாருக்கும் அது இலுப்பை என்று தெரியவில்லை. வவ்வால் மரம் என்றார்கள். வவ்வால் மரத்துக்கு எதிர் வீடு, வவ்வால் மரத்துக்கு அடுத்த சந்து என்று ஆட்டோக்காரருக்கு வழி சொன்னார்கள். பங்குனியில் பூ உதிர்ந்து தெரு முழுக்க ஒரு புளித்த இனிப்பு வாசனை ஏறியபோது யார் வீட்டிலோ வெல்லப்பாகு கெட்டுவிட்டதென்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மரத்தடியில்தான் குணசீலன் தினமும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். ஒரு நாள் காலை பஸ் வந்தது, கதவு திறந்தது, டிரைவர் ஹாரன் அடித்தார், ஜன்னலோரம் இருந்தவர்கள் "குணா, ஏறுய்யா" என்றார்கள், அவர் ஏறவில்லை. சாப்பாட்டுப் பை தோளில் இருக்க, முதுகு மரத்தில் சாய்ந்திருக்க, நின்ற நிலையிலேயே போய்விட்டிருந்தார். வீட்டுக்குத் தூக்கிவந்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகு அவர் மனைவி பொற்கொடி சமையலறை ஜன்னலைத் திறந்தார். இலை அசையாத புழுக்கம். எதிரே மரத்தில் ஒரே ஒரு கொத்து இலை மட்டும், சட்டைக் காலரை இழுத்து இழுத்து விசிறிக்கொள்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பொற்கொடி வேறு எதையும் பார்க்கவில்லை, யாரையும் பார்த்ததாக எப்போதும் சொல்லவும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குக் கிளம்பும் முன் அந்த ஜன்னலில் நின்று, மாவு புளித்துவிட்டது, மோட்டார் ஓடவில்லை, உங்கக்கா போன் பண்ணினாங்க என்று சின்னச் சின்னதாக எதையாவது சொல்லிவிட்டுத்தான் போவார்.

மரத்துக்கு நேர் பின்வீடு தணிகாசலத்துடையது. மனைவி காலமாகி, இரண்டு பெண்களும் கடல் தாண்டிப் போய், ஓய்வுபெற்ற அந்த மனிதர் தனியாக இருந்தார். மனு எழுதுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. தெருவிளக்கு எரியவில்லையா, மனு. எரிகிற விளக்கு கண்ணைக் கூசுகிறதா, அதற்கும் மனு. இலை விழுந்து மாடிக் குழாய் அடைத்துக்கொள்கிறது, வேர் வந்து செப்டிக் டேங்கை நெரிக்கிறது, வவ்வால் எச்சம் காரின் மேல் விழுகிறது, மழைநீர்க் கால்வாய்க்கு மரம் குறுக்கே நிற்கிறது என்று அவர் எழுதிய மனுக்கள் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கால்வாய் வெட்டும் நேரம் வந்தபோது பழுத்துவிட்டன. மரத்தை எடுக்க உத்தரவாகிவிட்டது.

பொற்கொடி குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். பசுமைக் குழுவுக்குப் போனார், அங்கிருந்து கோர்ட்டுக்குப் போனார். "மரத்தை ஏன் விடணும்னு காரணம் சொல்லுங்கம்மா" என்று வக்கீல் பேனாவைத் திறந்தபோது அவர் வாய் திறந்து, கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்து, பிறகு பறவை என்றார், நிலத்தடி நீர் என்றார், நிழல் என்றார். வக்கீல் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். எல்லாம் நிஜமான காரணங்கள்தான். பொற்கொடியின் காரணம் மட்டும் அதில் இல்லை.

கோர்ட்டில் பொற்கொடி காத்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம்தான் மாசிலாமணி மரத்தடிக்கு வந்தார். கான்ட்ராக்டருடைய ஆள், பரம்பரையாக மரம் அறுக்கிறவர். மெஷின் ரம்பத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு, பிடி தேய்ந்த ஒரு பழைய கோடாலியை மட்டும் எடுத்துவந்து மரத்தில் சாத்தினார்.

"என்னய்யா, மெஷினை வண்டியில வச்சுட்டு இந்தத் துருப்பிடிச்சதைச் சாத்துறே?" என்றார் கேட்டுக்குள்ளிருந்து தணிகாசலம்.

"மெஷினைச் சாத்துனா அவங்களுக்கு வெளங்காது சார். ஏதோ ரிப்பேருக்கு வந்திருக்குன்னு அப்படியே இருந்துருவாங்க."

"யாரு?"

"இருக்கிறவங்கதான்" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி செருப்பைக் கழற்றினார். அடிமரத்தில் தண்ணீர் தெளித்து, கற்பூரம் ஏற்றி, அண்ணாந்து பார்த்து, பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவரிடம் பேசுகிற குரலில் பேசினார். "ஐயா, அம்மா, உள்ள இருக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி. காலையில மரம் விழப்போவுது. விடியறதுக்குள்ள வேற எடம் பாத்துப் போயிருங்க. போறப்ப சொந்த வூட்டுக்குப் போவாதீங்க, அது நல்லதில்ல. எங்க மேல கோவம் வேணாம். நாங்க கூலிக்கு வந்தவங்க."

வவ்வால்கள் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பின. தணிகாசலம் சிரித்தபடி உள்ளே போனார்.

காலையில் ரம்பம் உறுமத் தொடங்கிய நேரத்தில் பொற்கொடி ஆட்டோவிலிருந்து குதித்து, தடை உத்தரவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். தெரு கைதட்டியது. யாரோ மைசூர்பாகு வாங்கிவந்தார்கள். மாசிலாமணி மெஷினை அணைத்துவிட்டு, சாத்திய கோடாலியைப் பார்த்தார், மரத்து உச்சியைப் பார்த்தார்.

"யம்மா, நேத்தே வந்திருக்கக் கூடாதா?"

"அதான் இன்னும் வெட்டலையே!"

"வெட்டல. ஆனா சொல்லியாச்சே."

எல்லாரும் சிரித்தார்கள், அவருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "சொல்லிட்டு வெட்டாமப் போனதே இல்லையே எங்க பரம்பரையில" என்று தனக்குள் சொன்னபடி வண்டியில் ஏறிப் போனார்.

அன்று மதியத்துக்குள் தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வீட்டில் பரண் மேல் யாரோ தவழ்ந்தார்கள், முழங்கால் ஓசை கேட்டது, பேர் வைக்கும் முன்பே போய்விட்ட குழந்தைகளின் முழங்கால் ஓசை. ஒரு வீட்டில் ஹால் ஃபேன், சுவிட்ச் போட்டால் முனகியதே தவிரச் சுற்றவில்லை. இறக்கைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள், அவர்களை இறங்கச் சொல்லக் கூச்சப்பட்டு அந்த வீட்டுக்காரர்கள் விசிறி வாங்கிக்கொண்டார்கள். அருள்நாயகம் வீட்டுக்கு ஏரிக்காலத்துப் பாட்டு ஒன்றை முணுமுணுக்கிற கிழவர் வந்தார். அமீனா பேகம் வீட்டுக்கு, பால் பொங்கும்போதெல்லாம் விசும்புகிற ஓர் அம்மாள் வந்தார். புதுசாகக் கல்யாணமாகி வந்திருந்த சுகந்தியின் வீட்டில் முடிச்சு எதுவும் நிற்கவில்லை. துணிக்கொடி, குப்பைப் பை, பாவாடை நாடா, ஊஞ்சல் கயிறு, இரவு கட்டியது எல்லாம் விடிந்தால் அவிழ்ந்து கிடந்தது. எந்தக் காலத்திலோ அந்த மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டவள் ஒருத்தி அங்கே வந்திருந்தாள், இனி ஒருத்தி அப்படிச் செய்துவிடக் கூடாதென்று வீடு முழுக்க விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லா வீட்டிலும், பூக்காத மாதத்தில், இலுப்பைப் பூ வாசனை.

அர்ச்சகர் வந்து பார்த்தார், பாஸ்டர் வந்து பார்த்தார், அமீனா வீட்டுக்கு ஹஜ்ரத் வந்து பார்த்தார். மூன்று பேரும் தனித்தனியாக, யார் போகச் சொன்னது, எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டார்கள், கேட்டுவிட்டு ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். மரியாதையாகச் சொல்லி, மரியாதையாகக் கிளம்பி வந்தவர்களை எந்த மந்திரத்தால் விரட்டுவது? அதனால் தெரு அவர்களோடு இருக்கப் பழகியது. சங்கக் கூட்டத்தில், வந்தவர்களை அந்தந்த வீட்டுக்காரர்களே வைத்துக்கொள்வது, கேலி செய்வதில்லை, தண்ணீர் லாரிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவாயிற்று.

"எங்க வீட்டு அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க. அருள் சார் வீட்டுப் பாட்டுக்காரரை ஒரு மாசம் மாத்திக்கலாமா?" என்று அமீனாவின் கணவர் கேட்டதற்கு, "நல்லாயிருக்கே! இப்பத்தான் அவருக்கு எங்க சீரியல் கதை புரிய ஆரம்பிச்சிருக்கு" என்று அருள்நாயகத்தின் மனைவி சண்டைக்கு வந்தார். பயந்து காலி செய்துகொண்டு போன ஒரு குடித்தனக்காரரின் டெம்போவில் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்துகொண்டு கூடவே கிளம்பிய மரத்து ஆள், தெரு முனை வரை போய், அங்கே இறங்கிக்கொண்டு, நடந்தே திரும்பி வந்தார். அந்த வீட்டைக் காட்டுகிற புரோக்கர் "ரெண்டு பெட்ரூம், பால்கனி, ஒரு ஆள் உண்டு, தொந்தரவு கிடையாது" என்று சொல்லப் பழகினார். குழந்தைகளை அதட்டுகிற குரல் தெருவில் தணிந்தது. சாவைப் பற்றி எந்த வீட்டிலும் உரக்கப் பேசுவதில்லை, விருந்தாளி முன்னால் கடன் பற்றிப் பேசாமலிருப்பது போல. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்காலி யாரும் உட்காராமலே தேய்ந்தது.

பொற்கொடி வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் குணசீலனுக்குப் பொறுக்காது. பொற்கொடிக்கோ அணைக்கிற பழக்கமே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் நடந்த சண்டையெல்லாம் அனேகமாக அந்த ஒரே சண்டைதான். அதனால் பொற்கொடி எல்லா விளக்கையும் போட்டு வைத்தார். ஹாலில், படுக்கையறையில், குளியலறையில், மாடிப்படியில், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார், திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. ஜன்னலைத் திறந்தால் எதிரே மரம், காப்பாற்றப்பட்ட மரம், ஓர் இலைகூட யாரையும் விசிறாத மரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் கேன் கடையில் தணிகாசலம் கத்திக்கொண்டிருந்தார். "உடம்புல சோப்பு, தலையில சீயக்காய், டக்குனு லைட்டை அணைச்சுட்டுப் போறான்யா! உள்ள ஆளிருக்குன்னு ஒரு இது வேணாம்?"

கடையில் சிரிப்பு எழுந்தது, வரிசையில் பின்னால் நின்ற பொற்கொடியைப் பார்த்ததும் அடங்கியது. அவர் காலிக் கேனை அங்கேயே வைத்துவிட்டு நேராகத் தணிகாசலத்தின் வீட்டுக்கு நடந்தார். தணிகாசலம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"சார், எங்க வீட்டுக்காரர் உங்க வீட்லதான் இருக்கார்."

"இருக்கட்டும். நான் கூப்பிட்டேனா? தானா வந்தான்."

"மரத்தை வெட்டச் சொன்ன வீட்டுக்கா?"

"அதை அவன்கிட்ட கேளும்மா. நான் என்ன அவனுக்குப் பி.ஏ.வா?"

ஹாலில் விளக்கைப் போட்டுவிட்டு இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். டக். விளக்கு அணைந்தது. பொற்கொடி திரும்ப உள்ளே போனார், சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்றார். "ஏங்க," என்றார். "நம்ம வீட்ல எல்லா லைட்டும் எரியுது. மாடிப்படி லைட்கூட." இலுப்பைப் பூ வாசனை ஒரு அடி பின்வாங்கிய மாதிரி இருந்தது, சொந்த வீட்டுக்குப் போகாதே என்று சொல்லி அனுப்பப்பட்டவர் எப்படிப் பின்வாங்குவாரோ அப்படி. பொற்கொடிக்கு அந்தச் சொல் தெரியாது. எதிரி வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருப்பவர் தன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்பதுதான் தெரிந்தது.

தணிகாசலம் மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்தார்.

"அவரை மரத்துக்கே அனுப்பிடுங்க சார்."

"எதுக்கு? மழையில நனையவா?" காப்பியை ஊதினார். "பொண்ணுங்க போன் பண்ணினா ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் இந்த வீட்ல ஒரு சத்தம் கிடையாதும்மா, தெரியுமா? இப்ப ஒவ்வொரு ரூமை விட்டு வர்றப்பவும் அணைச்சுக்கோப்பான்னு சொல்றேன். அவனும் அணைக்கிறான். இங்க நல்லாத்தான் இருக்கான்."

இதற்கிடையில் வழக்கு முடிந்து, இலுப்பை நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட்ட மரம் ஆகிவிட்டது. சுற்றிலும் கம்பிவேலி போட்டுப் பூட்டினார்கள், பச்சைப் பலகை வைத்தார்கள். ஆணி அடிக்கக் கூடாது, கயிறோ துணியோ கட்டக் கூடாது, விளக்கேற்றக் கூடாது, வேலிக்குள் யாரும் நுழையக் கூடாது, மீறினால் தண்டனை. எல்லாம் பொற்கொடியின் வக்கீல் ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கிக்கொடுத்தவை.

ஐப்பசி மழையில் ஊரே பச்சையாக இருக்க, வேலிக்குள் மரம் உதிர ஆரம்பித்தது. மழையோடு மழையாக இலை கொட்டியது. வவ்வால்கள் வேறிடம் போய்விட்டன. பசுமைக் குழு அலுவலரம்மா வந்து பட்டையைக் கீறிப் பார்த்தார், வேர்மண்ணைப் பிசைந்து பார்த்தார், காது வைத்துக்கூடக் கேட்டார்.

"நோய் எதுவும் இல்ல. காலி வீடு மாதிரி இருக்கு, அதான் ஒண்ணும் புரியல."

"பட்டுப்போச்சுன்னா?"

"உயிரோட இருக்கிற மரத்துக்குத்தான்ம்மா பாதுகாப்பு. தை பொறந்ததும் திரும்ப வருவேன். துளிர் இருந்தா சரி. இல்லைன்னா வேலியை எடுத்துட்டு, கால்வாய் வேலையை ஆரம்பிச்சுருவாங்க."

பொற்கொடி மாசிலாமணியைத் தேடிப் போய் அழைத்துவந்தார். வேலிக்கு வெளியே நின்று, அவர் தெருவைப் பார்த்து "ஐயா, அம்மா, மரம் நிக்குது, திரும்பி வாங்க" என்று கூப்பிட்டார். எந்த வீட்டிலிருந்தும் யாரும் அசையவில்லை.

"போகச் சொன்ன வாயி இது. எப்படி நம்புவாங்க?" என்று தலையைச் சொறிந்தார். "தெரிஞ்சவங்க யாராவது கூப்பிடணும். ஆனா அதுல ஒரு சங்கடம் இருக்கு யம்மா. தெரிஞ்சவங்க கூப்பிட்டா, கூப்பிட்டவங்க மேலதான் எறங்குவாங்களாம். அப்புறம் அத்தனை பேரையும் சொமந்துக்கிட்டுப் போய், மரத்துல முதுகைச் சாய்ச்சு, பாரம் முழுக்க எறங்குற வரைக்கும் நிக்கணுமாம். எங்கப்பன் சொல்லுவான். அவனும் பாத்ததில்ல. பொய்யாக்கூட இருக்கும்."

"என் மேல வந்தா, அவரும் வருவாரா?"

மாசிலாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. "நான் சொந்த வூட்டுக்குப் போவாதீங்கன்னு சொல்லிப்புட்டேன் யம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி. "எப்பவும் சொல்றதுதான். வூட்டுக்குத்தான் போவக் கூடாது. உங்க மேல வந்து எறங்குறதுக்கு ஒண்ணும் சொல்லல."

பொற்கொடி கோபப்படவில்லை. அத்தனை மாதம் நெஞ்சில் கிடந்த ஒரு கல் அந்த இடத்திலேயே புரண்டு படுத்தது போல் நின்றார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், நடுத்தெருவில், ஈரத் தார்மேல் செருப்பில்லாமல் நின்றுகொண்டு அவர் கூப்பிட்டார். தெருக்காரர்கள் நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம்.

"எல்லாரும் வாங்க. நான்தான், குணசீலன் வீட்டுக்காரி. தினம் ஜன்னல்ல நின்னு பேசுவேனே, கேட்டிருப்பீங்க. மரத்தை வெட்ட மாட்டாங்க. கோர்ட்ல எழுதி வாங்கியிருக்கேன்."

முதலில் அருள்நாயகம் வீட்டுப் பாட்டு நின்றது. பரணில் தவழ்கிற ஓசை படியிறங்கி, வாசல் தாண்டி, தெருவுக்கு வந்தது. நின்றிருந்த ஹால் ஃபேன் தானே சுற்ற ஆரம்பித்தது, அது அவ்வளவு சோகமான காற்றாக இருந்தது. அமீனா பேகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தன்னை உரசிக்கொண்டு போகிறவருக்கு வழிவிட்டார். சுகந்தி வீட்டிலிருந்து வந்தவள் வாசலில் நின்று, அந்தப் பெண்ணின் கழுத்தை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள். சுகந்தி பிற்பாடு அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவாள். ஒவ்வொருவராக இறங்க இறங்கப் பொற்கொடியின் தோள் தாழ்ந்தது, முதுகு வளைந்தது, பாதங்கள் தாரில் பதிந்தன. ஆனால் அவர் முகம் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. தணிகாசலத்தின் கேட் மூடியிருந்தது.

அவர் கேட்டுக்கு உள்பக்கம், தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றிருந்தார். தெரு முழுக்க அவரைப் பார்த்தது. கடைசியில் அவரே தாழ்ப்பாளை நீக்கினார்.

"போப்பா. கூப்பிடுறாங்க இல்ல," என்றார் வீட்டுக்குள் பார்த்து. "போய்ட்டு வா."

அவர் ஹாலில் விளக்கு எரிந்தபடியே இருந்தது. அணைக்க ஆளில்லாமல் அது எரிவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நடுத்தெருவில் பொற்கொடியின் உடம்பு ஒரு முறை குலுங்கி, முகம் மெல்ல விரிந்தது. அப்படியொரு முகத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நடங்கம்மா, பாரம் தாங்காது" என்றார் தணிகாசலம்.

பொற்கொடி நடக்கவில்லை.

"பொற்கொடிம்மா. கேக்குதா?"

கையைப் பிடித்து அவர்தான் நடத்திக்கொண்டு போனார். வேலி பூட்டியிருந்தது, சாவி அலுவலகத்தில். உள்ளே நுழைந்தால் தண்டனை என்கிற பலகையைத் தணிகாசலம் ஒருமுறை முழுவதும் படித்தார், வாழ்நாளில் ஒரு விதியையும் மீறாத மனிதர். பிறகு வீட்டுக்குப் போய்க் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினார். "மனு எழுதிக்கலாம்," என்றார் யாரிடமோ.

பொற்கொடி மரத்தில் முதுகைச் சாய்த்தார். அவர்கள் ஏறினார்கள். கிழவர் ஏறினார், குழந்தைகள் ஏறின, அழுகிறவர், முடிச்சவிழ்க்கிறவள், பேர் தெரியாத மற்ற அத்தனை பேரும். மொட்டைக் கிளைகள் ஒவ்வொன்றாக லேசாகத் தாழ்ந்து, பழகிய பாரத்தை வாங்கிக்கொண்டன. பொற்கொடியின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. அது முழுவதும் நிமிர்வதற்கு முன்னால், ஒரு ஆள் பாரத்துக்குத் தோள் இன்னும் சரிந்திருக்கும்போதே, அவர் மரத்திலிருந்து சட்டென்று விலகி ஓர் எட்டு முன்னால் வந்துவிட்டார்.

எல்லாரும் பார்த்தோம்.

தை பிறந்ததும் மரம் செம்பு நிறத்தில் துளிர்த்தது. அலுவலரம்மா வந்து சந்தோஷப்பட்டார், வேலி அறுபட்டதற்கு யார் காரணம் என்று கேட்டார். தணிகாசலம் ஏற்கனவே எழுதி வைத்திருந்த ஒப்புதல் மனுவைக் கொடுத்துவிட்டு, அதற்கு ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டார். வீடுகளில் முடிச்சுகள் கட்டியது கட்டியபடி நின்றன, அதைப் பார்க்கச் சுகந்திக்குப் பயமாக இருந்தது. அருள்நாயகத்தின் மனைவி சீரியல் கதையை யாருக்கும் சொல்லாமல் பார்த்தார்.

பொற்கொடி இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும், பேசிவிட்டு எழுந்து போகும்போது, ஆட்கள் உட்கார்ந்திருக்க, அவர் கை தானாக நீண்டு விளக்கை அணைத்துவிட்டுப் போகிறது. இருட்டில் உட்கார்ந்து நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், அவர் தெருவில் இறங்கும் வரை காத்திருந்து மறுபடி போட்டுக்கொள்வோம். அந்த மரத்தைக் காப்பாற்றியவர் அதன் கீழ் நடப்பதில்லை. பஸ்ஸுக்குப் போகிற தெருக்காரர்களெல்லாம் நிழலில் போக, அவர் மட்டும் பின்சந்து வழியாக, நல்ல வெயிலில் சுற்றிக்கொண்டு, ஒரு தோள் சரிந்து போகிறார். சோறு இறங்குவதில்லை, இளைத்துவிட்டார். மூச்சு வாங்குகிறது. ஆனால் உதடு எப்போதும் சின்னச் சின்னதாக எதையாவது சொல்லிக்கொண்டிருக்கிறது, சில சமயம் சிரிக்கிறது.

மரத்தில் தெருவைப் பார்த்த ஒரு கிளை மட்டும் துளிர்க்கவில்லை. மறுவருகையில் அலுவலரம்மா அதைக் கவனித்து, ஏணியும் ஆளுமாக வந்துவிட்டார். பட்டுப்போன கிளையை எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், யாரும் ஆட்சேபிக்காதவரை. தணிகாசலம் ஆட்சேபித்தார்.

"சார், மரத்தையே வெட்டணும்னு அத்தனை மனு போட்டது நீங்கதானே? இது காய்ஞ்ச கிளை. காத்தடிச்சா யார் தலையிலயாவது விழும்."

"விழாது. காயவும் இல்ல. காலியா இருக்கு, அவ்ளோதான்."

"காலின்னா?"

தணிகாசலம் அந்த ஆளை இறங்கச் சொல்லி, ஏணியில் தானே இரண்டு படி ஏறினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கிறவரைப் போல எக்கி வீசி, அதைக் கிளை மேல் போட்டார்.

"ஆள் வருது" என்றார்.

பின்சந்து முனையில், வெயிலில், பொற்கொடி நின்றிருந்தார். வேலைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டவர். துண்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி, சரிந்த தோள் பக்கமாக, மன்றாடுகிற மெல்லிய குரலில், "இன்னும் கொஞ்ச நாள்" என்றார்.